475 எப்படி 230-க்கு ஈடானது? பழைய கிராபிக்ஸ் கார்டுகளின் எண்களைப் படிக்கும் முறை

2007 மே மாதம் ஏஎம்டி ஒரு கிராபிக்ஸ் கார்டை வெளியிட்டது. பெயர் ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி. ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கி ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. 320 ஷேடர்கள், 512 பிட் மெமரி பஸ், 475 கிகாஃப்ளாப்ஸ் (ஒரு கிகாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு நூறு கோடிக் கணக்குகள்) கணக்கிடும் திறன், விலை 399 டாலர். ஏறக்குறைய அதே விலை வட்டத்தில் எதிரே நின்றது என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎஸ், 640 எம்பி. அதில் 96 ஷேடர்கள்தான். 320 பிட் பஸ். 230 கிகாஃப்ளாப்ஸ். காகிதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

கேமை ஓட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஓரங்களை மழமழப்பாக்கும் ஆன்டி-ஏலியாசிங்கை இயக்கினால், பல கேம்களில் ரேடியான்தான் பின்தங்கியது.

பழைய கார்டுகளை ஒப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. எண்கள் பொய் என்று இது சொல்லவில்லை. எந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், இந்த இரண்டு கார்டும் ஏன் சமமாக ஓடின என்பதற்கான விடை அதே விவரப் பட்டியலிலேயே இருக்கிறது.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டு

கிராபிக்ஸ் கார்டைக் கல்யாண வீட்டுச் சமையல்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஷேடர்கள் சமையல்காரர்கள், கணக்குப் போடும் வேலை அவர்களுடையது. என்விடியா இவற்றைக் கூடா கோர் என்றும் ஏஎம்டி ஸ்ட்ரீம் பிராசசர் என்றும் அழைக்கும். டெக்ஸ்சர் யூனிட்டுகள் காய் நறுக்கித் தருபவர்கள். சுவரின் செங்கல், தரையின் புல், முகத்தின் தோல் என்று ஒட்டவேண்டிய படங்களை மெமரியிலிருந்து எடுத்துப் பதப்படுத்தித் தருவது இவர்கள் வேலை. ஆர்ஓபி என்று பட்டியலில் வருபவை இலையில் பரிமாறுபவர்கள். தயாரான பிக்சலைக் கடைசியாக மெமரியில் எழுதுகிறவர்கள். கார்டின் மெமரி உக்கிராண அறை. மெமரி பஸ், உக்கிராணத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கும் வாசல். திரையின் ரெசல்யூஷன், பந்தியில் போட்ட இலைகளின் எண்ணிக்கை.

பந்தி எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது சமையல்காரர்களின் தலையை மட்டும் எண்ணினால் தெரியாது. ஆனால் நாம் பெரும்பாலும் அதை மட்டும்தான் எண்ணுகிறோம்.

நான்கு கணக்குகள், எல்லாம் வெறும் பெருக்கல்

முதலாவது, கணக்கிடும் திறன். ஷேடர்களின் எண்ணிக்கையை ஷேடர் க்ளாக்கால் (அவை நொடிக்கு எத்தனை முறை துடிக்கின்றன என்ற எண்) பெருக்கி, பிறகு 2-ஆல் பெருக்க வேண்டும். ஒரு ஷேடர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்தே செய்துவிடும். அதை இரண்டு செயல்களாக எண்ணுவதால் அந்த 2. ஜிடிஎஸ்: 96 × 1200 மெகாஹெர்ட்ஸ் × 2 = 230.4 கிகாஃப்ளாப்ஸ். ரேடியான்: 320 × 743 × 2 = 475.5.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 8800 ஜிடிஎஸ்ஸின் கோர் க்ளாக், அதாவது சிப்பின் பொதுவான வேகம், 500 மெகாஹெர்ட்ஸ். ஷேடர்கள் மட்டும் தனியாக 1200-இல் ஓடின. 2006-இல் வந்த 8800 வரிசை முதல், 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வரும் வரை என்விடியா கார்டுகளில் இந்த இரட்டை க்ளாக் இருந்தது. அந்தக் காலத்துக் கார்டுக்குக் கோர் க்ளாக்கை வைத்துக் கணக்குப் போட்டால் விடை பாதியாகவோ அதற்கும் கீழேயோ போய்விடும்.

இரண்டாவது, மெமரி பேண்ட்வித், அதாவது வாசலின் கொள்ளளவு. பஸ்ஸின் பிட் அகலத்தை 8-ஆல் வகுத்தால் பைட் வரும். அதை மெமரியின் பயனுறு வேகத்தால் பெருக்க வேண்டும். ஜிடிஎஸ்: 320 ÷ 8 = 40 பைட்; 40 × 1600 = நொடிக்கு 64 ஜிபி. ரேடியான்: 64 பைட் × 1656 = 106 ஜிபி. ஜிடிடிஆர்3 மெமரி ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும். ஆகவே மென்பொருள் 800 என்று காட்டினால் கணக்குக்கு 1600. ஜிடிடிஆர்5 என்றால் நான்கால் பெருக்க வேண்டும்.

மூன்றாவது, டெக்ஸ்சர் வேகம்: டெக்ஸ்சர் யூனிட்டுகள் × கோர் க்ளாக். ஜிடிஎஸ்: 24 × 500 = நொடிக்கு 12 கிகாடெக்செல். ரேடியான்: 16 × 743 = 11.9.

நான்காவது, பிக்சல் வேகம்: ஆர்ஓபி × கோர் க்ளாக். ஜிடிஎஸ் 20 × 500 = 10 கிகாபிக்சல். ரேடியான் 16 × 743 = 11.9.

இப்போது நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணக்கிடும் திறனில் ரேடியான் இரண்டு மடங்கு. பேண்ட்வித்தில் 65 விழுக்காடு கூடுதல். பிக்சல் வேகத்தில் கொஞ்சம் கூடுதல். டெக்ஸ்சர் வேகத்திலோ 12-க்கு 11.9. அந்தக் காலத்துக் கேம்கள் டெக்ஸ்சரை அள்ளி அள்ளிக் கேட்டவை. 320 சமையல்காரர்கள் கரண்டியோடு நின்றார்கள். காய் நறுக்கித் தர 16 பேர்தான் இருந்தார்கள். விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடாத எண்ணில்தான் கார்டின் கழுத்து இறுகியிருந்தது.

பெரிய வாசல் இருந்தும் பயன்படவில்லை என்பதை ஏஎம்டியே ஆறு மாதத்தில் காட்டிவிட்டது. 2007 நவம்பரில் வந்த எச்டி 3870-இல் அதே 320 ஷேடர்கள், அதே 16 டெக்ஸ்சர் யூனிட்டுகள். பஸ்ஸை மட்டும் 512-லிருந்து 256 பிட்டாகக் குறைத்தார்கள். மெமரியின் வேகத்தைக் கூட்டியிருந்தும் பேண்ட்வித் 106-லிருந்து 72 ஜிபிக்கு இறங்கியது. வேகம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

அந்த 475 ஏன் முழு 475 இல்லை

டெக்ஸ்சர் மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ரேடியானின் 320 என்பது தனித்தனி ஆட்கள் 320 பேர் அல்ல. அது 64 × 5. ஐந்தைந்து பேராகக் கட்டிய 64 குழுக்கள். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு குழுவுக்கு ஐந்து வேலைகளை ஒன்றாகக் கட்டி ஒரே கட்டளையாகக் கொடுக்க வேண்டும். அந்த ஐந்தும் ஒன்றையொன்று நம்பி இருக்கக் கூடாது. ஐந்து அடுப்பையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கச் சொன்னால் எப்படி? ரசம் வைக்கப் பருப்புத் தண்ணீர் வேண்டும். பருப்பு வெந்து முடியும்வரை ரசத்துக்கான அடுப்பு சும்மாதான் கிடக்கும். கேமின் ஷேடர் நிரலிலும் இப்படித்தான், முந்தைய வரியின் விடை இருந்தால்தான் அடுத்த வரி நகரும். அப்போது குழுவில் இரண்டு பேருக்கு வேலை இருக்காது. வேலைகளை ஐந்தைந்தாக அடுக்கிக் கொடுக்கும் பொறுப்பு, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலருடையது.

2010 டிசம்பரில் எச்டி 6970-ஐக் கொண்டுவந்தபோது ஏஎம்டி அந்த ஐந்தை நான்காகக் குறைத்தது. கேம்களில் ஐந்தில் சராசரியாக 3.4 இடங்கள்தான் நிரம்புகின்றன என்பது அவர்களே சொன்ன காரணம். அந்த விகிதத்தில் பார்த்தால் 475 என்பது 323 ஆகிவிடும். 8800-இலோ ஒவ்வொரு ஷேடரும் ஒரு நேரத்தில் ஒரே வேலையை எடுத்துக்கொள்ளும்; இப்படி அடுக்க வேண்டிய தேவை இல்லை. அதனால் அதன் 230 ஏறக்குறைய முழுதும் கைக்குக் கிடைத்தது. இதோடு, ஆன்டி-ஏலியாசிங்கின் கடைசிக் கட்ட வேலையை 2900 எக்ஸ்டி தனி வன்பொருளில் செய்யாமல் ஷேடர்களிடமே கொடுத்தது. பரிமாறுகிறவர் செய்யவேண்டியதைச் சமையல்காரர் செய்தால் அடுப்பு காத்திருக்கத்தானே வேண்டும்.

காகிதத் திறன் என்பது ஒரு உச்சவரம்பு. அந்த அளவுக்கு மேல் ஒரு நாளும் போகாது என்பதற்கு மட்டுமே அது உறுதி. அதில் எவ்வளவு கைக்குக் கிடைக்கும் என்பதை உள்கட்டமைப்பு தீர்மானிக்கிறது. உள்கட்டமைப்பு ஒரு எண்ணாகப் பட்டியலில் வராது.

எண்களை யார் எப்படி எண்ணினார்கள் என்பதும் முக்கியம். 8800 வரிசைக்கு என்விடியா 2-க்குப் பதிலாக 3-ஆல் பெருக்கிச் சொன்னது. பெருக்கல்-கூட்டலுக்கு மேல் இன்னொரு பெருக்கலையும் அதே துடிப்பில் செய்யலாம் என்பது அவர்கள் வாதம். அந்தக் கூடுதல் பெருக்கல் கேம்களில் பெரிதாகக் கிடைக்கவில்லை. 3-ஆல் பெருக்கினால் 8800 ஜிடிஎஸ்ஸுக்கு 345.6 வரும். இப்போது 2-ஆல் பெருக்கி, அண்ணன் கார்டான 8800 ஜிடிஎக்ஸுக்குக் கணக்குப் போடுங்கள்: 128 × 1350 × 2 = 345.6. இரண்டு வேறு பட்டியல்களைக் கலந்து பார்க்கிற ஒருவர், இரண்டு கார்டும் ஒரே திறன் என்று முடிவுகட்டிவிடலாம்! டெக்ஸ்சர் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. ஜிடிஎஸ்ஸில் முகவரி கணிக்கும் யூனிட்டுகள் 24, வடிகட்டும் யூனிட்டுகள் 48. இரண்டாவதை வைத்து எண்ணினால் 12 என்பது 24 ஆகும். ஆகையால் எண்ணைப் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்காமல், இரண்டு கார்டுக்கும் ஒரே சூத்திரத்தில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஒரே குடும்பத்துக்குள் கணக்கு நன்றாகவே பொருந்தும்

8800 ஜிடிஎஸ்ஸையும் ஜிடிஎக்ஸையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே சிப், பெயர் ஜி80. கணக்கிடும் திறனில் ஜிடிஎக்ஸ் 50 விழுக்காடு கூடுதல். பேண்ட்வித் 64-க்கு 86.4, அதாவது 35 விழுக்காடு. டெக்ஸ்சரில் 53, பிக்சலில் 38. உள்கட்டமைப்பு ஒன்றே என்பதால் உண்மையான வித்தியாசத்தை 35-க்கும் 50-க்கும் நடுவில் எதிர்பார்ப்பதில் தவறில்லை. எந்த எண் எந்த இடத்தில் மேலோங்கும் என்பது கேமைப் பொறுத்தது, ரெசல்யூஷனைப் பொறுத்தது.

ரெசல்யூஷன் என்ன செய்யும் என்பதற்கு 2007 அக்டோபரில் வந்த 8800 ஜிடி நல்ல சாட்சி. 112 × 1500 × 2 = 336 கிகாஃப்ளாப்ஸ்; ஜிடிஎக்ஸுக்கு ஒரு முழம்கூடக் குறைவில்லை. பேண்ட்வித் மட்டும் 57.6, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. நடுத்தர ரெசல்யூஷனில் அது ஜிடிஎக்ஸை நெருங்கி ஓடியது. ரெசல்யூஷனை ஏற்றி ஆன்டி-ஏலியாசிங்கையும் போட்டதும் ஜிடிஎக்ஸ் விலகிப் போனது. இலைகள் கூடினால் பரிமாறுவோரும் வாசலும்தான் திணறும்.

குடும்பம் மாறினால் இந்த நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். 2008 ஜூனில் வந்த எச்டி 4870, 1200 கிகாஃப்ளாப்ஸ். அதே மாதம் வந்த ஜிடிஎக்ஸ் 260, 2-ஆல் பெருக்கினால் 477. காகிதத்தில் இரண்டரை மடங்கு. ஆட்டத்தில் தோளோடு தோள். ஆனாலும் ஏஎம்டி முன்பு செய்த தவற்றைத் திருத்தியிருந்தது என்பதை மூன்றாவது கணக்கில் பார்க்கலாம்: டெக்ஸ்சர் யூனிட்டுகள் 16-லிருந்து 40 ஆகி, 40 × 750 = 30 கிகாடெக்செல். எனக்கு ஏஎம்டியின் அந்தத் தலைமுறை மேல் தனி மரியாதை உண்டு. போட்டி தாங்காமல் ஜிடிஎக்ஸ் 260-இன் விலையை என்விடியா 399-லிருந்து 299 டாலருக்கு இறக்கியது.

இதே ஜோடி பஸ் அகலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லித் தருகிறது. 260-இல் 448 பிட், 4870-இல் 256 பிட். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தால் 260 எங்கோ இருக்கிறது. ஆனால் 4870-இல் இருந்தது ஜிடிடிஆர்5: 32 பைட் × 3600 = 115.2 ஜிபி. 260-இல் ஜிடிடிஆர்3, விடை 111.9 ஜிபி. அகலத்தை மட்டும் சொல்லி ஒருவர் விற்றால், மெமரி என்ன வகை என்று உடனே கேளுங்கள்.

வாசல் குறுகினால்

பேண்ட்வித்தின் அருமையை மிகத் தெளிவாகக் காட்டுவது ஜிடி 1030 என்ற சின்னக் கார்டு. 2017-இல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 மெமரி. 64 பிட் பஸ்ஸில் நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. அதே 384 ஷேடர்கள். கணக்கிடும் திறன் 1.13 டெராஃப்ளாப்ஸுக்கு (ஒரு டெரா என்பது ஆயிரம் கிகா) 1.06, ஆறு விழுக்காடுதான் குறைவு. பேண்ட்வித் மட்டும் 16.8 ஜிபி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பல கேம்களில் ஃபிரேம் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாக விழுந்தது. டெராஃப்ளாப்ஸை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு நடந்தது என்னவென்றே புரிந்திருக்காது. குறைந்த பட்ஜெட்டில் ஒருவர் சேர்த்துவைத்து வாங்கும் கார்டு இது. அதனால்தான் இந்த ஒற்றைப் பெயர் விஷயம் எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

ஜிடி 730-உம் அப்படித்தான். அந்த ஒரே பெயரில் 96 ஷேடர் கொண்ட பழைய ஃபெர்மி சிப்பும் உண்டு, 384 ஷேடர் கொண்ட கெப்ளர் சிப்பும் உண்டு. மெமரியிலும் டிடிஆர்3, ஜிடிடிஆர்5 என்று இரண்டு வகை. ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வரும்போது மெமரி மட்டும்தான் வேறு என்று தோன்றும். ஷேடர்களும் வேறு: 1152, 1280. ஆர்எக்ஸ் 580-க்குப் பின்னால் 2048எஸ்பி என்று எழுதியிருந்தால், 2304 ஷேடர் உள்ள அசல் 580 அல்ல அது; ஆர்எக்ஸ் 570-க்கு நெருங்கிய உறவு.

எண்கள் இரட்டிப்பானபோது

2010-இன் ஜிடிஎக்ஸ் 580: 512 ஷேடர்கள், 1544 மெகாஹெர்ட்ஸ், 1581 கிகாஃப்ளாப்ஸ், 192 ஜிபி பேண்ட்வித். 2012-இன் ஜிடிஎக்ஸ் 680: 1536 ஷேடர்கள், 1006 மெகாஹெர்ட்ஸ், 3090 கிகாஃப்ளாப்ஸ், அதே 192 ஜிபி. ஷேடர்கள் மூன்று மடங்கு, திறன் இரண்டு மடங்கு. நடைமுறையில் கூடியது தோராயமாக மூன்றில் ஒரு பங்கு. தனி ஷேடர் க்ளாக்கை எடுத்துவிட்டு, மெதுவாக ஓடும் ஷேடர்களை ஏராளமாக வைத்தார்கள். வாசல் ஒரு அங்குலம்கூட அகலமாகவில்லை. என்விடியா கார்டுகளில் மின் நுகர்வைப் பொறுத்துத் தானாக ஏறி இறங்கும் பூஸ்ட் க்ளாக்கும் 680-இல்தான் தொடங்கியது. ஆகவே அதற்குப் பிந்திய கார்டுகளை ஒப்பிடும்போது, இரண்டுக்குமே அடிப்படை க்ளாக்கையோ இரண்டுக்குமே பூஸ்ட் க்ளாக்கையோ எடுங்கள்.

2007-இன் கதை 2015 ஜூனில் திரும்பவும் நடந்தது. ஆர்9 ஃபியூரி எக்ஸ்: 4096 ஷேடர்கள், 8.6 டெராஃப்ளாப்ஸ், 512 ஜிபி பேண்ட்வித். ஜிடிஎக்ஸ் 980 டிஐ: 2816 ஷேடர்கள், பூஸ்ட் க்ளாக்கில் 6.1 டெராஃப்ளாப்ஸ், 336 ஜிபி. இரண்டும் 649 டாலர். 980 டிஐ சமமாக ஓடியது, பல கேம்களில் கொஞ்சம் முந்தியது. பரிமாறுபவர்களை எண்ணுங்கள்: ஃபியூரியில் 64 ஆர்ஓபி, 980 டிஐயில் 96. மெமரியும் 4 ஜிபிக்கு எதிரே 6 ஜிபி.

மெமரியின் அளவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. போதுமான வரை அது வேகத்தைக் கூட்டாது. போதாமல் போனால் ஆட்டம் திக்கித் திணறும். ஜிடிஎக்ஸ் 970-இன் 4 ஜிபியில் கடைசி அரை ஜிபி மிக மெதுவானது என்பது 2015 ஜனவரியில் வெளிப்பட்டது. 64 என்று சொல்லியிருந்த ஆர்ஓபியும் உண்மையில் 56 என்று அப்போதுதான் தெரிந்தது. நிறுவனம் தரும் பட்டியலேகூடத் திருத்தப்படலாம்.

எந்தப் பெருக்கலிலும் வராத இன்னொன்று உண்டு. எச்டி 4870-ஐயும் ஜிடிடிஆர்5 ஜிடி 1030-ஐயும் பக்கத்தில் வைத்தால் 1.2-க்கு 1.13 டெராஃப்ளாப்ஸ், 115-க்கு 48 ஜிபி. காகிதத்தில் பழையதே பெரிது. ஆனால் விண்டோஸ் கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் என்ற மென்பொருளில், 4870 10.1-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. டைரக்ட்எக்ஸ் 11 கட்டாயம் என்று கேட்கும் கேம் அதில் தொடங்கவே தொடங்காது. 1030-க்கு 30 வாட் போதும், தனி மின் இணைப்பு வேண்டாம். 4870-க்கு இரண்டு மின் இணைப்புகளைச் செருக வேண்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ இணையத்திலோ பழைய கார்டு வாங்கப் போகிறீர்கள் என்றால், காசைக் கொடுப்பதற்கு முன் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஷேடர் எண்ணிக்கை, ஆர்ஓபி, டெக்ஸ்சர் யூனிட், மெமரி வகை, பஸ் அகலம், பேண்ட்வித், பிக்சல் வேகம், டெக்ஸ்சர் வேகம் எல்லாம் ஒரே திரையில் வரும். பழைய ஜிடிஎஸ் 450-ஐயோ ஜிடிஎக்ஸ் 550 டிஐயையோ, கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. அவற்றில் பலவற்றை அந்த மென்பொருள் போலி என்றே குறித்துக் காட்டும். கண்ணாலும் பார்க்கலாம். 1050 டிஐயின் பாஸ்கல் சிப்பில் அனலாக் வெளியீடு கிடையாது. கார்டின் பின்பக்கம் நீல நிற விஜிஏ துளை இருந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சந்தேகப்பட்டுக் கேள்வி கேளுங்கள்.